இரண்டு ஊர்களும் ஒரு கல்லறையும்

கல்லறைத் திருநாளன்று காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது.

மரியபுஷ்பம் குடையை மகளிடம் கொடுத்துவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஈர மண்ணில் குந்தி உட்கார்ந்தாள். மெழுகுவர்த்தியை ஏற்ற ஏற்றக் காற்று அணைத்தது. கடைசியில் இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து மறைவு கட்டினாள். சுடர் நின்றது.

அந்தக் கல்லறையில் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்கும் தெரியாது, பக்கத்தில் குடை பிடித்து நின்ற ஜெயசெல்விக்கும் தெரியாது. சிலுவையின் ஒரு கை உடைந்திருந்தது. பெயர் எழுதியிருந்த இடம் மழையில் கரைந்து வெறும் கல்லாகக் கிடந்தது. சுற்றிலும் நெய்வேலி டவுன்ஷிப்பின் குடும்பங்கள் தங்கள் தங்கள் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, செவ்வந்தி தூவி, சாமியார் வந்து மந்திரிப்பதற்காகக் காத்து நின்றார்கள்.

"யாரு பெத்த புள்ளையோ" என்றாள் மரியபுஷ்பம். "இதுக்கு நாம ஏத்தினா, அங்க நம்ம பிலோமிக்கு எவளாவது ஒருத்தி ஏத்துவா."

மூன்று வருஷமாக அவள் சொல்லும் சொல்தான் அது. இந்த வருஷம் அதோடு நிறுத்தவில்லை. மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அடுத்த வருஷம் எவளும் ஏத்த வேணாம். நீயே ஏத்துவ."

சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். மழைத் துளியா தீர்த்தமா என்று தெரியாமல் முகத்தில் விழுந்ததை ஜெயசெல்வி துடைத்துக்கொண்டாள்.

மூத்தவள் பிலோமினா எத்தியோப்பியாவில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தாள். டெஸ்ஸி என்ற மலை ஊர். குளிரைப் பற்றியும், புளித்த மாவில் சுடும் பெரிய பெரிய ரொட்டியைப் பற்றியும், ஆடு மேய்த்துவிட்டு ஓடிவரும் பிள்ளைகளைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஜுரம் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. தந்தி இங்கே வந்து சேர்ந்தபோது அங்கே அடக்கமே முடிந்திருந்தது. அப்பா செல்வநாதன் அந்தத் தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு மைன்ஸுக்கு ஷிப்ட் பஸ் ஏறிப் போய்விட்டார். எங்கே போகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை என்று பிறகு கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள்.

இப்போது இளையவளுடைய முறை.

எம்.ஏ., பி.எட். முடித்து, யாராவது பிரசவ லீவில் போனால் அந்த இடத்தில் மூன்று மாதம், அடுத்த பள்ளிக்கூடத்தில் இரண்டு மாதம் என்று அலைந்துகொண்டிருந்தாள் ஜெயசெல்வி. அப்பா அடுத்த வருஷம் ரிடையர் ஆகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சென்னையில் வெளிநாட்டு டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ என்று பேப்பரில் பார்த்துவிட்டுப் போனாள். போன இடத்தில் இரண்டு நாட்டுக்காரர்களும் அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஒன்று நைஜீரியா, வடக்கே சொகோட்டோ பக்கம். இன்னொன்று எத்தியோப்பியா.

நைஜீரியாக்காரர்கள் வெயில் தாங்குமா என்று கேட்டார்கள். தாங்கும் என்றாள். அவ்வளவுதான்.

எத்தியோப்பியாக்காரர்களில் ஒருவர் ஒரு சாக்பீஸை எடுத்து நீட்டினார். "எங்களுக்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது என்று வைத்துக்கொள். மழையைப் பற்றிச் சொல்லிக்கொடு" என்றார். ஜெயசெல்வி பலகையில் மேகம் வரைந்தாள். விரல்களால் மேஜையில் தட்டித் தூறல் காட்டினாள், கைக்குட்டையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு அறையில் ஓடினாள். கோட்டு போட்ட மூன்று பெரிய மனிதர்களும் சின்னப் பிள்ளைகள் மாதிரி அவளோடு சேர்ந்து ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிச் சொன்னார்கள். தான் ஒரு டீச்சர் என்று அவளுக்கே முதல்முதலாகத் தோன்றியது அன்றைக்குத்தான்.

இன்று மாலைக்குள் இரண்டில் ஒன்றுக்குத் தந்தி கொடுத்தாக வேண்டும்.

"நைஜீரியாவுக்குப் போ. இல்லன்னா எங்கயும் போவாத" என்று அப்பா தீர்த்துச் சொல்லிவிட்டார். காரணம் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார்.

"கல்லு நெஞ்சு. பெத்த மவ எங்க கெடக்குறான்னு ஒருத்தராவது போய்ப் பாக்க வேணாமா?" என்று அம்மா கேட்டாலும் வாசலுக்குத்தான் போகிறார். ஒரு வாரமாக அந்த வீட்டில் இரண்டு பேரும் ஜெயசெல்வி வழியாகத்தான் பேசிக்கொள்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து ஈரப் புடவையை மாற்றியதும் அவள் சொன்னாள்: "அம்மா, நான் வடலூர் போய் கொளஞ்சிநாதன் சாரைப் பாத்துட்டு வந்துடறேன். அந்த ஊரு பத்தி ரெண்டு வார்த்தை கேட்டுக்கிட்டா நல்லது."

மரியபுஷ்பத்தின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"போய்க் கேட்டுக்கினு வா. அவரு தோள் குடுத்துத்தான் அவளைத் தூக்கினாங்க. பாவம், போட்டோ எடுத்துக்கினு வரேன்னாரு. ஃபிலிம்ல வெளிச்சம் பட்டு எல்லாம் போயிடுச்சாம். கல்லறைக்கு எப்பிடிப் போவணும், என்னா அடையாளம்னு நல்லா வெவரமா கேளு."

*

கொளஞ்சிநாதன் வடலூரில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஓட்டு வீட்டில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். டெஸ்ஸியில் பிலோமினாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். போன வருஷம் ஊர் திரும்பியவர். ஜெயசெல்வியைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்த பேப்பர்களைக் கீழே எடுத்து வைத்தார்.

"வாம்மா. ரெண்டு எடத்துலயும் கெடைச்சிருக்காமே. யாரோ சொன்னாங்க."

"ஆமா சார். இன்னிக்குத் தந்தி குடுக்கணும். அங்க போறவங்க என்னெல்லாம் பாக்கணும்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் உற்சாகமாகிவிட்டார். நைஜீரியாவில் சாமான் சுலபமாகக் கிடைக்கும், நம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடுவார்கள், ஆனால் வெயில் மண்டையைப் பிளக்கும் என்றார். எத்தியோப்பியாவில் குளிர், கெடுபிடி, ஊர் விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு, சர்க்கரைக்கு வரிசை.

"ஆனா பசங்க தங்கமானதுங்கம்மா. கிளாஸுக்குள்ள நீ நுழைஞ்சா எழுந்து நின்னு அப்படியே பாத்துக்கிட்டு இருக்கும். ஒரு வார்த்தை கத்துக்கிட்டா வீட்டுக்குப் போற வழியெல்லாம் சொல்லிக்கிட்டே போவும். டீச்சரா இருக்க ஆசைப்படறவங்க அந்த ஊருக்குத்தான் போகணும்."

ஜெயசெல்விக்கு நெஞ்சு லேசாக இருந்தது. காலையிலிருந்து இப்போதுதான் சரியாக மூச்சு விட்டாள்.

"எனக்கும் அப்படித்தான் தோணுது சார். கேட்டா டெஸ்ஸியிலயே போடறேன்னாங்க. அக்கா கல்லறைக்கு ஸ்கூல்லேருந்து எப்படிப் போகணும்? அம்மா விவரமா கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

கொளஞ்சிநாதன் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். சாரல் அடிக்கவில்லை.

"நைஜீரியாவே தேவலம்மா" என்றார் திரும்பாமல்.

"இப்பத்தானே சார் வேற மாதிரி சொன்னீங்க?"

"உங்கப்பா உங்கிட்ட எதுவும் சொல்லலியா?"

"அப்பா என்ன சொல்லணும்?"

சமையற்கட்டு வாசலில் அவர் மனைவி வந்து நின்றாள். "சொல்லிடுங்க. அவ்ளோ தூரம் போவப்போற பொண்ணு. அங்க போய் நின்னு தெரிஞ்சிக்கிறதா?" என்றாள்.

கொளஞ்சிநாதன் வந்து உட்கார்ந்தார்.

"ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி கேமராவை எடுத்துக்கிட்டுப் போனேம்மா. ஊருக்கு மேல சரிவுல சின்னக் கல்லறைத் தோட்டம். ஒரு மரத்தடியிலதான் பிலோமினா டீச்சரை வச்சோம். நான் கெளம்பின வருஷம் பேய் மழை. மலையோட அந்தப் பக்கமே வழிஞ்சி பள்ளத்தாக்குல எறங்கிடுச்சி. பாதித் தோட்டம் இல்ல. மரமும் இல்ல. கீழ பாத்தா வெறும் சேறும் பாறையும். நான் எதைம்மா போட்டோ எடுக்கறது?"

"அம்மாவுக்கு இது தெரியாதே சார்" என்றாள் ஜெயசெல்வி.

"இங்க வந்ததும் உங்கப்பாகிட்டதான் முதல்ல சொன்னேன். கையைப் புடிச்சிக்கிட்டாரு. 'எம் பொஞ்சாதிகிட்ட ஃபிலிம் கெட்டுப்போச்சின்னு சொல்லிடுங்க சார்'னாரு. சொல்லிட்டேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லம்மா. உங்கம்மா எனக்கு ஆறுதல் சொன்னாங்க. போட்டோ போனா போவுது சார், எடந்தான் இருக்குதேன்னாங்க."

அதற்கு மேல் அங்கே கேட்பதற்கு எதுவும் இல்லை. அவர் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்தாளா இல்லையா என்பதுகூட அவளுக்கு ஞாபகமில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். முந்திரித் தோப்புகள் நனைந்து கறுத்துக் கிடந்தன. அக்கா கடைசியாக டெஸ்ஸிக்குக் கிளம்பிய நாளில் இதே சாலையில்தான் டாக்சி போனது. கையசைத்தாளே தவிரத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள் என்று அம்மா அப்போது சொன்னாள்.

*

மகள் வடலூர் போயிருப்பது தெரிந்து, டவுன்ஷிப் பஸ் ஸ்டாப்பில் செல்வநாதன் நின்றுகொண்டிருந்தார். முதல் ஷிப்ட் முடிந்து வந்த காக்கி உடுப்பை இன்னும் மாற்றவில்லை. முழங்கால் வரை மைன்ஸ் சேறு. ஹெல்மெட்டைக் கையில் தொங்கவிட்டிருந்தார்.

மகள் இறங்கிய விதத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டாருப்பா."

இருவரும் போஸ்ட் ஆபீஸ் பக்கம் நடந்தார்கள். குடை அவளிடம் இருந்தது. அப்பா குடைக்குள் வரவில்லை.

"ஏம்ப்பா மறைச்சீங்க? இத்தனை நாளா தனியா வச்சிக்கிட்டு..."

"உங்கம்மா காலைல எழுந்து சோறாக்குறா, கோயிலுக்குப் போறா, நாலு பேர்கிட்ட பேசுறா. அதெல்லாம் எத வச்சிங்கற? மவ ஒரு எடத்துல படுத்திருக்கா, என்னிக்காவது போய்ப் பாத்துடலாம்னு நெனைச்சிக்கினு இருக்கா. அதையும் நான் புடுங்கணுமா?"

கொஞ்ச தூரம் போனதும் அவரே தொடர்ந்தார்.

"நான் நாளெல்லாம் மண்ணைப் பேத்து எடுக்குற எடத்துல நிக்கிறவன். நேத்து நின்ன கரை இன்னிக்கு இருக்காது. அது எனக்குப் பழகிப்போச்சி. அவளுக்குப் பழக வேணாம்மா. என்னைக் கல்லு நெஞ்சுங்கறா. சொல்லிட்டுப் போறா."

ஜெயசெல்வி குடையை அவர் பக்கம் சாய்த்தாள். ஒரு வாரமாக அவளும் அப்பாவை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் டெஸ்ஸிக்கே போனா என்னப்பா? எனக்கு அந்த ஊரு புடிச்சிருக்கு. அக்காவுக்காக இல்ல. எனக்கே புடிச்சிருக்கு."

"போ. போன மொத வாரமே போட்டோ அனுப்புன்னு எழுதுவா. என்னா அனுப்புவ?"

அவர் நடையை நிறுத்தாமலே மேலும் கேட்டார்.

"வேற எதனா ஒரு கல்லறையை எடுத்து அனுப்புவியா? ஒவ்வொரு திருநாளுக்கும் மெழுகுவர்த்தி ஏத்தினேன்னு எழுதுவியா? ஒரு தடவை பொய் சொல்லிட்டு நான் படுறது எனக்குத்தான் தெரியும். காண்ட்ராக்ட்டு ரெண்டு வருஷமும் எழுத முடியுமா உன்னால?"

"அம்மாகிட்ட உண்மையைச் சொல்லிட்டா?"

செல்வநாதன் நின்றார்.

"நீ சொல்றியா? எனக்கு வாய் வரல. உனக்கு வந்தா சொல்லு. தடுக்க மாட்டேன்."

காலையில் அம்மா சுடருக்குக் கை குவித்து உட்கார்ந்திருந்தது ஜெயசெல்வியின் கண்ணில் வந்து நின்றது. அந்த முகத்தைப் பார்த்து, அங்கே எதுவும் இல்லை அம்மா என்று எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது?

போஸ்ட் ஆபீஸில் கூட்டம் இல்லை. தந்தி படிவத்தை வாங்கிச் சாய்வு மேஜையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். மேஜைமேல் விரல்கள் தாமாகத் தட்டிக்கொண்டிருந்தன. சென்னையில் அந்தப் பெரிய மனிதர்கள் மழை, மழை என்று அவளோடு சேர்ந்து சொன்ன குரல்கள் காதில் கேட்டன. பிறகு விரல்களை மடக்கிக்கொண்டு எழுதினாள்.

கவுண்டரில் இருந்தவர் வாசித்துப் பார்த்தார். "நைஜீரியாவா? நல்ல ஊராம்மா?"

"தெரியலைங்க" என்றாள் ஜெயசெல்வி.

*

வீட்டுக்குள் நுழைந்தபோது விளக்கு போட்டிருந்தது. மரியபுஷ்பம் கூடத்தில் பாய் விரித்து, பழைய புடவையில் சுற்றிய எதையோ மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டியா? வா, இப்பிடிக் குந்து. உன்கிட்ட காட்டாம வச்சிருந்தேன்."

புடவையைப் பிரித்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சிலேட்டு அளவுக்கு ஒரு கறுப்புக் கல். வழவழவென்று இழைத்து, மேலே சிலுவையும் கீழே பிலோமினாவின் பெயரும் வெட்டியிருந்தது. வெட்டின எழுத்துக்குள் வெள்ளைச் சாயம்.

"குள்ளஞ்சாவடியில ஒருத்தர் வெட்டுறாருன்னு கேள்விப்பட்டு நானே போய்ச் சொல்லிட்டு வந்தேன். பெரிசா செஞ்சா ப்ளேன்ல ஏத்த மாட்டாங்கன்னு சின்னதாவே வெட்டச் சொன்னேன். துணிக்கு நடுவுல வச்சிக்கினா தெரியாது. போனதும் தலமாட்டுல பதிச்சிடு. தமிழ்ல இருக்குதேன்னு பாக்காத. அவளுக்குப் புரியுமில்ல."

செல்வநாதன் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். இந்தக் கல்லை அவரும் இப்போதுதான் பார்க்கிறார்.

"கொளஞ்சி சார் வழி சொன்னாரா? தந்தி குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேம்மா."

"என்னான்னு குடுத்த?"

ஜெயசெல்வி கல்லைப் பார்த்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை.

"நைஜீரியாவுக்கு வரேன்னு."

மரியபுஷ்பம் சரியாகக் கேட்கவில்லை போல மகளையே பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். "உங்க வேலையா இது?"

"அப்பா ஒண்ணும் சொல்லலம்மா. நானாத்தான் குடுத்தேன்."

"ஏன்?"

"எனக்குப் பயமா இருக்குதும்மா." குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். "அக்கா செத்த ஊருல போய் என்னால இருக்க முடியாது. எனக்கும் ஜுரம் வந்தா? சொகோட்டோல நம்ம ஆளுங்க நெறைய இருக்காங்களாம். நான் அங்கயே போறேன்."

அம்மா கோபப்படுவாள், அழுவாள் என்று அவள் எதிர்பார்த்தாள். இரண்டும் நடக்கவில்லை.

"அவ பயப்படலியே" என்றாள் மரியபுஷ்பம் மெதுவாக. "உன்ன விடச் சின்னவளா இருக்கும்போது போனா. யாரையும் தெரியாம போனா. அவ சம்பாரிச்சி அனுப்பித்தான் நீ எம்.ஏ. படிச்ச."

ஜெயசெல்வி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தச் சொல்லை வாங்கிக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை. வாயைத் திறந்தால் உண்மை வந்துவிடும்.

"புஷ்பம், விடு. சின்னப் பொண்ணு..." என்றார் செல்வநாதன்.

"நீங்க பேசாதீங்க."

மரியபுஷ்பம் கல்லைத் திரும்பப் புடவையில் சுற்றினாள். முனைகளை இழுத்து முடிச்சுப் போட்டாள். எழுந்து சமையற்கட்டுக்குப் போனாள். தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. சோறு போட்டுக்கொண்டே அங்கிருந்து பேசினாள். குரலில் ஈரமே இல்லை.

"யாரும் எனக்காவ எங்கயும் போவ வேணாம். நாளைக்கு நானே வடலூர் போறேன்."

செல்வநாதனின் கையிலிருந்த ஹெல்மெட் கதவில் இடித்தது.

"வடலூருக்கா? எதுக்கு?"

"கொளஞ்சி வாத்தியாரைப் பாக்க. அவருக்கு அந்த ஊருல தெரிஞ்சவங்க ஒருத்தராவது இருப்பாங்க இல்ல? கல்லை எப்பிடி அனுப்பறது, யாரு பேருக்கு அனுப்பறதுன்னு கேக்குறேன். அவரு நல்ல மனுஷன். எங்கிட்ட எதையும் ஒளிக்க மாட்டாரு."

"மழையா கெடக்குது. ரெண்டு நாள் போவட்டும்."

"மழைன்னா என்னா? காலைல மொத பஸ்ஸுக்கே போறேன்."

இரண்டு தட்டுகளைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தாள். தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர்ச் சொம்பை வைக்கும்போது மகளின் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள்.

"ஏன்டி, உனக்கு ஏன் வேர்க்குது?"

ஜெயசெல்வி சோற்றில் கை வைத்தாள். செல்வநாதன் இன்னும் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார்.